ஒரே மாத்திரை

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் மனசு ஓர் இடத்தில் நிற்கும்.

எனக்கு இன்று இரண்டாம் பிளாக்கில் காலைப் பணி. சனிக்கிழமை நீதிபதி சிறையைப் பார்வையிட வருகிறார் என்பதால் ஒரு வாரமாகக் கழுவலும் துடைப்பும்தான். மாரித்தங்கம் ஸ்டூலில் ஏறி ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் ரிமாண்டில் வந்தவள். புருஷன் செத்ததும் வீட்டைக் காலிபண்ணச் சொல்லிச் சாமான்களைத் தெருவில் எறிந்த கொழுந்தனை அம்மிக்குழவியால் அடித்திருக்கிறாள். அவனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. அதுதான் வழக்கு. இங்கே ஒரு வம்புக்கும் போகாதவள். அவள் சமையல்கட்டில் சேர்ந்த பிறகு வார்டர்கள் நாங்களே கிண்ணம் கொண்டுபோய்ப் புளிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டோம்.

கண்ணாடி ஏற்கெனவே கீறல் விட்டிருந்தது. அவள் அழுத்தியதும் சரிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சதையில் சொருகி நின்ற சில்லை உருவியபோது அது என் இடது உள்ளங்கையையும் அறுத்தது. இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாக வழிந்தது.

"விடுங்கம்மா! தொடாதிய!" என்று கத்தினாள். பதற்றத்தில் கத்துகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் அவள் என்னை உதைத்தாள். வயிற்றில், காலால். நான் பின்னால் போய்ச் சுவரில் மோதினேன். வார்டரை உதைத்த கைதிக்கு என்ன நடக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கும்மா" என்றாள். அத்தனை பெண்களும் கேட்க. "மாத்திர விட்டுப்போயி மூணு வாரமாச்சு. நீங்க என்னப் பாக்காதிய. சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க, பிதுக்காதிய. இப்பமே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. சீக்கிரம் மாத்திர போட்டா ஒண்ணும் ஆவாது."

ஒரு மணி நேரத்துக்குள் ஜீப் என்னை அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டது. டாக்டர் சின்னப் பையன்போல் இருந்தார். "வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஆனா மாத்திரையை விடக்கூடாது. தினமும் ஒண்ணு, இருபத்தெட்டு நாள்" என்றார். முதல் மாத்திரையை அவர் கண்முன்னாலேயே விழுங்கினேன். ரத்தம் எடுத்தார்கள். ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதத்தில் கடைசிப் பரிசோதனை. அதுவரை வீட்டில் ஆணுறை கட்டாயம் என்றார். அவர் சொல்லும்போது நான் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செல்வின் நேற்றிரவு என் கைக்கட்டைப் பார்த்ததும் பள்ளிக்கூட வேனின் சாவியைக்கூட ஆணியில் மாட்டாமல் வந்து கையைப் பிடித்தார். "என்ன ஆச்சு ஜெபா?" கண்ணாடி அறுத்துவிட்டது என்றேன். உண்மைதான். மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் என்றேன். பிறகு பாட்டிலைப் பார்த்துவிடுவார் என்று தோன்றியதால், எல்லாவற்றையும் என் கால்சியம் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிப் பாட்டிலைக் கழுவி, பேருந்து நிலையக் குப்பையில் போட்டேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒன்று தங்கிக் கலைந்துவிட்டது. இந்த மாதம்தான் புது டாக்டரம்மாவிடம் போக முன்பதிவு செய்திருக்கிறோம். இந்த நேரத்தில் இதைச் சொன்னால் அவர் உடைந்துவிடுவார். நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

வாந்தி. பணியில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாரித்தங்கத்துக்குப் பத்துத் தையல். மருந்தகத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போட்டுவைத்திருந்த சின்ன அறைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். பிளாக்கில் அவள் பாயை வராந்தாவில் எறிந்துவிட்டு, அவள் குளித்த இடத்தில் பினாயில் ஊற்றியிருக்கிறார்கள். சமையல்கட்டில் அவள் தொட்ட கரண்டிகளை மாற்றித் தரும்வரை சாப்பிட மாட்டோம் என்று ஒரு வேளை பட்டினி. "தனி ரூம் அவ பாதுகாப்புக்குத்தான்" என்றார் சூப்பிரண்டு அம்மா. நானும் அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து சிறைக்கு வாராவாரம் வரும் ஆலோசகர் ஷகிலா மேடம் அவளிடம் பேசிவிட்டு வந்தார். கைது செய்த அன்று போலீஸ் அவளைக் கட்டிய சேலையோடு ஏற்றிவந்திருக்கிறது. மாத்திரை வீட்டு அலமாரியில் நின்றுவிட்டது. இங்கே சேர்க்கும்போது நோய் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறாள், டெஸ்டும் வேண்டாம் என்றிருக்கிறாள். ஊரில் ஒருமுறை விஷயம் வெளியே தெரிந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவிடாமல் செய்திருக்கிறார்கள். இங்கேயாவது யாருக்கும் தெரியாமல் ஜாமீன்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்ப ஏன் சொன்னா?" என்று கேட்டேன்.

ஷகிலா மேடம் என் கட்டைப் பார்த்தார்.

சிறை டாக்டர் கடிதம் எழுதிவிட்டார். ஆனால் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் கூட்டு மருந்து மையம் இருக்கிறதே, அங்கே அவளை நேரில் கொண்டுபோக வேண்டும். ரத்தம் பார்த்துத்தான் மருந்தை மறுபடி தொடங்குவார்களாம். கொண்டுபோக ஆயுதப்படைக் காவல் வேண்டும். கோவில் திருவிழா பந்தோபஸ்துக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அடுத்த வாரம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து மாமி, செல்வினின் அம்மா, எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். மீன் வாங்கி நானே ஆய்ந்தேன். மாமிக்குத் தெரியாமல் இரண்டு முறை கையுறை மாற்றினேன்.

"வியாழக்கிழம டாக்டரம்மாட்டப் போணும்லா? நானும் வாரேன்" என்றார்கள் மாமி.

"இந்த மாசம் லீவு கெடைக்காது மாமி. அடுத்த மாசம் பாப்போம்."

"போன மாசமும் இதத்தான சொன்ன?"

போன மாதம் உண்மையிலேயே லீவு கிடைக்கவில்லை. செல்வின் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

படுக்கும்போது என் தோளில் கை போட்டார். காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன உனக்குப் பிடிக்கலயா ஜெபா?" என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. தூங்கிவிட்டதுபோல் கிடந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த மாத்திரை தூக்கத்தைத் தின்கிறது. விடியுமுன் எழுந்து, துவைத்த சீருடையையே மறுபடி துவைத்தேன்.

இன்று ஷகிலா மேடம் இரண்டாம் பிளாக்கில் கூட்டம் போட்டார். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, விருப்பமுள்ளவர்களுக்கு இங்கேயே ரத்தப் பரிசோதனை, முடிவு அவரவருக்கு மட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே குழாயில் குளித்தால் வராது, கொசு கடித்தால் வராது. நான் கதவுப் பக்கம் காவல் நின்றேன்.

குருவம்மாள் எழுந்தாள். ஆயுள் தண்டனைக் கைதி. பிளாக்கில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"எல்லாஞ் சரி மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கி வார்டரம்மா கைலயும் அவ ரத்தம் பட்டுச்சுல்ல? மாரிய மட்டும் தனியா அடைச்சிருக்கு. இவியள ஏன் அடைக்கல?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒருத்தரோட மருத்துவ விஷயத்தப் பொதுவில் பேசக்கூடாது, குருவம்மா" என்றார் ஷகிலா மேடம்.

"மாரியோடத மட்டும் பேசலாமோ?"

நான் சாவிக்கொத்தைச் சரிபார்த்தேன். எல்லாச் சாவியும் இருந்தன.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாள். மாற்றுத் தேதி கேட்கலாம் என்று போன் செய்தால், முந்தாநாளே ரத்து செய்துவிட்டார்கள் என்றாள் அங்கே போன் எடுத்த பெண். நான் செய்யவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காவல் இன்று கட்டாயம் வரும் என்றார்கள். மாரித்தங்கம் காலையிலேயே தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. யாரோ அமைச்சர் வருகையாம்.

எனக்கு மருந்தகப் பக்கம் பணி. அவளுக்கு இருமல் கூடியிருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"தையல் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சும்மா. ஒங்க கை?"

"ஆறிட்டு."

"மாத்திர ஒழுங்காப் போடுதியளா? வாந்தி வருதா?"

"வந்துச்சு. இப்பம் இல்ல."

"சாப்ட்டுட்டுப் போடுங்க. மொத ஒரு வாரம் அப்படித்தான் பொரட்டும். எனக்கும் இருந்துச்சு." அப்புறம் சிரித்தாள். "வெள்ளையா, நீளமா, நடுவுல கோடில்லாம, அதான?"

கால்சியம் டப்பா என் கைப்பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது. டப்பாவுக்குள் இருப்பதும் அவளுக்குக் கிடைக்காததும் ஒரே மாத்திரை. பையின் ஜிப்பில் கைவைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"அந்த வேலையே வேண்டாம்" என்றாள், சட்டென்று குரல் மாறி. "ஒண்ணு கொறஞ்சாலும் நான் அன்னைக்கி வாயத் தொறந்ததுக்கு அர்த்தமில்லாமப் போயிரும். எனக்கு ரெண்டு மாத்திர எதுக்கு? எனக்கு மாசாமாசம் வேணும். அதக் கேட்டு வாங்கித் தாங்க, முடிஞ்சா."

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சூப்பிரண்டு அம்மாவைப் பார்த்தேன். நல்லவர்தான். மேஜை முழுக்கக் கோப்பு.

"நான் என்ன பண்றது ஜெபக்கனி? எஸ்கார்ட் என் கைல இல்ல. மூணு தடவ எழுதிட்டேன்."

"எனக்கு அன்னைக்கி ஒரு மணி நேரத்துல ஜீப் கெடச்சது மேடம்."

"நீங்க ஸ்டாஃப்."

அவர் சொன்னதும் அவருக்கே ஒருமாதிரி ஆகியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு உங்களுக்கு வார ஓய்வுதானே? கடிதம் தர்றேன். ஆயுதப்படை ஆபீஸ்ல நேரா குடுத்துப் பாருங்க."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆயுதப்படை அலுவலகத்தில் காலை முழுக்கக் காத்திருந்தேன். உட்கார முடியாமல் பாதி நேரம் வேப்பமரத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு எஸ்.ஐ. கடிதத்தைப் படித்தார்.

"அந்த எய்ட்ஸ் கேஸா? ஏம்மா, பந்தோபஸ்துலாம் ஒரு சாக்கு. உண்மையச் சொல்லுதேன், எம் பசங்க யாரும் அவகூட வண்டியில உக்கார மாட்டங்கானுவ. எல்லாம் புள்ளகுட்டிக்காரனுவ. நான் யார அனுப்புவேன்?"

"நான் உக்காருதேன் சார்."

"நீங்க வார்டர். துப்பாக்கிக் காவல் வேணும்லா?"

"அவிய முன்னால உக்காரட்டும். நான் அவ பக்கத்துல உக்காருதேன். அவ ரத்தம் எங்கைக்குள்ளயே போயிருக்கு சார். அவ போட வேண்டிய மாத்திரயத்தான் நான் தெனமும் போடுதேன். அவளுக்குத்தான் இன்னும் கெடைக்கல."

இதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. அறையில் இரண்டு காவலர்கள் இருந்தார்கள். ஒருவர் என் கையையே பார்த்தார். எஸ்.ஐ. வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரும்" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

வண்டி வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலங்கு போடவில்லை. மையத்தில் வரிசை நீளம். கைக்குழந்தையோடு ஒருத்தி, கல்லூரிப் பையோடு ஒரு பையன், வேட்டி கட்டிய பெரியவர். என் சீருடையைப் பார்த்து எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். மாரித்தங்கத்தைப் பார்த்து யாரும் தள்ளி நிற்கவில்லை. இருமலுக்குக் காசநோய்ச் சோதனையும் எடுத்தார்கள். அது இல்லை. பழைய மையத்திலிருந்து அவள் பதிவைக் கணினியில் மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஷகிலா மேடமே சிறைக்கு வாங்கி வந்துவிடலாமாம்.

அங்கேயே குழாயடியில் ஒன்றை விழுங்கினாள். வண்டியில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்சீட்டுக் காவலர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். கை மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

செல்வினின் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அப்பா ஆயுதப்படைக் காவலர். இன்று பிள்ளையை ஏற்றிவிடும்போது, "வீட்ல எப்டி இருக்காங்க? மாத்திரயெல்லாம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டிருக்கிறார். அக்கறையாகத்தான். என்ன மாத்திரை என்று இவர் கேட்க, அவர் சொல்லிவிட்டார்.

நான் வீட்டுக்கு வரும்போது கால்சியம் டப்பா சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்தது.

"இது என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும். கண்ணாடியிலிருந்து.

"பதினெட்டு நாள்" என்றார். "ரோட்ல போற போலீஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் அத்தான்..."

"கஷ்டமா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா ஒனக்கு? நீ என்னய வேண்டாம்னு முடிவு பண்ணிட்டன்னு நெனச்சேன். எங்கிட்டதான் கொற இருக்கு, அதான் நீ டாக்டர்ட்டயும் வர மாட்டங்க, தொட்டாலும் விலகுத, அப்படின்னு நெனச்சேன். நானே போன் போட்டு ரத்து பண்ணுனேன். அம்மாட்டச் சொன்னேன், இனி புள்ளயப் பத்தி அவட்டப் பேசாதீங்கன்னு."

பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறார். அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தனி அறை தேவையில்லை என்று சிறை டாக்டர் எழுதிவிட்டார். மாரித்தங்கத்தை இரண்டாம் பிளாக்குக்கு அழைத்துப்போனேன். வாசலில் குருவம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் குறுக்கே நின்றார்கள்.

"அவ இங்க வேண்டாம்மா. நாங்க மனுகுடுப்போம்."

"குடுங்க" என்றேன். "அதுக்கு முன்ன, அன்னைக்கி நீ கேட்டல்லா குருவம்மா, என்ன ஏன் அடைக்கலன்னு? அதுக்குப் பதில் சொல்லல நான். அவ போடுத அதே மாத்திரயத்தான் நானும் போடுதேன். எனக்கு வந்திருக்கா இல்லியான்னு இன்னும் தெரியாது. அவ பாட்டுக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா, இங்க ஒங்ககூட சிரிச்சிட்டுக் குழம்பு வச்சிட்டு இருந்திருப்பா. நான் தெரியாமயே வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்காகத்தான் ஒங்க எல்லார் முன்னயும் சொன்னா. என்னய உள்ள விடுதியள்லா? அவளயும் விடுங்க."

நல்ல பேச்சு என்று எனக்கே தோன்றியது. யாரும் நகரவில்லை.

குருவம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?"

இதை எதிர்பார்க்கவில்லை. பொய் ஒன்று வாயில் வந்தது. சொல்ல முடியவில்லை.

"பேச மாட்டங்காரு."

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

குருவம்மாள் பெருமூச்சுவிட்டாள். திரும்பி உள்ளே போனாள். தன் பாயை ஒரு முழம் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். "இந்தா, இவ்வளவுதான் எடம். ராத்திரி இருமுனா வெளிய தள்ளிருவேன்" என்றாள் மாரித்தங்கத்திடம்.

மனு கொடுப்பதாகச் சொன்னவர்களில் இருவர் மாலையில் கொடுத்தும்விட்டார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பணி முடிந்து வெளியே வந்தால் சிறை வாசலுக்கு எதிரே மஞ்சள் வேன் நிற்கிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். முன்சீட்டில் ஏறினேன். யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் காலடியில் உருண்டது.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் பேசினார்.

"அந்தப் பொம்பளைக்கு மாத்திர கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டு."

"அவ ஒன்னய ஒதைச்சாளாமே?"

"ஆமா."

"நல்லா ஒதைச்சிருக்கணும்" என்றார். ரயில் போகும்வரை இருவரும் சிரித்தோம், ரயில் போன பிறகு நான் அழுதிருக்கிறேன் என்று முகத்தைத் துடைக்கும்போதுதான் தெரிந்தது. பின்னால் ஹாரன் அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

"இனி எங்கிட்ட ஒண்ணும் மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன்."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடைசி மாத்திரை. டப்பாவை நான் கழுவுவதற்குள் செல்வின் எடுத்து அதில் தன் வேனின் நட்டு போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆறு வாரப் பரிசோதனை: நெகட்டிவ். ஆனால் மூன்று மாதம் முடிந்தால்தான் முழுசாக நம்பலாம். செல்வின் முழுசாக நம்பிவிட்டார், கேசரி கிண்டினார். நான் என் பங்கை மூடி வைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மாரித்தங்கத்துக்கு ஜாமீன் உத்தரவு சாயங்காலம் வந்தது. விடுதலை என்றால் இங்கே எல்லாம் அவசரம்தான். துணிப்பையைக் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள். மருந்தகத்தைப் பூட்டிவிட்டுக் கம்பவுண்டர் சைக்கிளில் ஏறிவிட்டார். பின்னாலேயே ஓடிப்போய் கேரியரைப் பிடித்து நிறுத்தினேன்.

"திங்கட்கிழமை வந்து வாங்கிக்கிடட்டும்மா."

"அவ எந்த ஊருக்குப் போறாளோ! திங்கட்கிழம யாரு வருவா? தொறங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். மாத்திரை, மையத்துச் சீட்டு எல்லாவற்றையும் அவள் பையில் நானே வைத்தேன். குருவம்மாள் உள்ளிருந்து, "இனிமே கொழுந்தனத் தலையில அடி, தோள்ல அடிச்சா ஜாமீன் குடுத்துருதான்" என்று கத்தினாள். மாரித்தங்கம் சிரித்துக்கொண்டே போனாள். என்னிடம் சரியாக விடைபெறக்கூட இல்லை. சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது, நான் வார்டர்.

நவம்பர் 4, செவ்வாய்

கடைசிப் பரிசோதனை. செல்வின் வேனை ஆஸ்பத்திரி மதிலோரம் நிறுத்திவிட்டு, நோ பார்க்கிங் என்பதால் வண்டியை விட்டு நகராமல் நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். ஷகிலா மேடம் கவரை நீட்டும்போதே சிரித்துவிட்டார். நெகட்டிவ். இனிப் பரிசோதனை வேண்டாம்.

வெளியே வந்தால், மருந்து வாங்கும் வரிசையில் மாரித்தங்கம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் சீருடையில் இல்லை. தெரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

"நீங்க இங்க எதுக்கு வந்திய?"

"மாரி..."

"சொல்லுங்கம்மா. இங்க எதுக்கு வந்திய?"

"கடைசி டெஸ்டு. ஒண்ணும் இல்ல. நெகட்டிவ்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் குனிந்து தோளைப் பிடித்தேன்.

"கொழுந்தன் எலும்ப ஒடச்சதுக்கு நான் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்ல" என்றாள். "ஒங்க கையி... கண்ண மூடுனா அந்தக் கையிதான். ஒறங்கியே மூணு மாசமாச்சும்மா. யார்ட்டப் போய்க் கேப்பேன்?"

நான்தான் தூங்கவில்லை என்று நினைத்திருந்தேன். மூன்று மாதமாக, நான் மட்டும்தான் என்று.

அவளைத் தூக்கி நிறுத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு டீச்சரம்மா வீட்ல சமையல் வேலைக்கி நிக்கேன். தங்க எடமும் குடுத்திருக்காவ. வியாதியச் சொல்லித்தான் சேந்தேன். அவிய தம்பிக்கும் இருக்காம், ஒண்ணும் சொல்லல. ஜெயிலுக்குப் போனத மட்டும் சொல்லல. அதச் சொன்னா இருக்கவிட மாட்டாவ. அதனால வெளிய எங்கயாவது என்னப் பாத்தா பேசாதியம்மா. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிடாதிய. கோவிச்சுக்கிடாதிய."

"சரி."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரி மாரி."

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போனாள்.

வேனுக்கு வந்து செல்வினிடம் கவரைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என் உள்ளங்கையை விரித்து அந்தத் தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது மாரித்தங்கம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போனாள். எங்கள் வேனுக்கு அருகில்தான் கடந்து போனாள். அழுத முகம். செல்வின் அவளையே பார்த்தார்.

"யாரு அந்தம்மா? கேட்டு வழியாப் பாத்தேன், நீ அவியளத் தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சே?"

"தெரியல அத்தான். கெறக்கம் வந்து உக்காந்துட்டாங்க."

அவர் நம்பிவிட்டார். தண்ணீர் குடித்தார்களா என்று கேட்டார். குடித்தார்கள் என்றேன். வண்டியை எடுத்தார்.

இவரிடம் இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் இது என்னுடையது இல்லையே.